மூன்றாம் வாரம் தூக்காத கால்

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றை அவர்கள் பிறந்த வீட்டிலிருந்து தொடங்குவார்கள். சின்ன மாஸ்டரின் வரலாற்றை ஒரு பெடலிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அவள் அந்த வீட்டில் இருந்த நேரத்தைவிடப் பெடலின் மேல் இருந்த நேரம் அதிகம்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு ஜோடி பெடல்கள் இருக்கும். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு ஜோடி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு ஜோடி, ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும். பக்கத்து சீட்டில் மிதித்தால் இந்தப் பக்கப் பெடலும் கூடவே இறங்கும். கற்றுக்கொள்கிறவர் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துவார். பள்ளத்தில் விழாமல் காப்பது பக்கத்து சீட்டுக் கால். ஊரில் நடக்கிற பல காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன என்றாலும், கார் விஷயத்தில் மட்டும் அதற்குத் தனியாக ஒரு பெடல் வைத்திருக்கிறார்கள்.

அவளுடைய அப்பாவை ஊர் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டது. இருபத்தாறு வருடம் பக்கத்து சீட்டில் மிதித்து மிதித்து அவருடைய முழங்கால் ஒருநாள் ராஜினாமா கொடுத்துவிட்டது. இனி கிளட்ச்சைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், அவர் சாவியை மகளிடம் கொடுத்தார். ஒரு ராஜ்ஜியத்தை ஒப்படைக்கிற முகபாவத்தோடுதான் கொடுத்தார். ராஜ்ஜியம் என்பது பதினான்கு வயதான ஒரு வெள்ளைக் கார். மகளுக்கு அப்போது பதினெட்டு வயதாகி மூன்று மாதம். அன்றிலிருந்து அவள் சின்ன மாஸ்டர். அப்பா ஆபீஸ் அறைக்கு இடம்பெயர்ந்தார். அங்கே ஒரு மேஜை, சாலைக் குறிகள் அச்சிட்ட ஒரு படம், பலகையில் வரைந்த நாற்சந்தி, அதில் நகர்த்திக் காட்ட ஒரு பொம்மைக் கார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து வருகைப்பதிவு எழுதினாள். யார் வந்தார், யார் வரவில்லை என்பதோடு, வந்தவர் எந்தச் சட்டையில் வந்தார் என்பதும் அம்மாவுக்கு மனப்பாடம்.

சாவியோடு அப்பா ஒரு சட்டத்தையும் கொடுத்திருந்தார். ஒரு மாணவருக்கு இருபத்தொரு நாள் வகுப்பு. முதல் வாரம் நம்ம கால், ரெண்டாவது வாரம் பாதிக் கால், மூணாவது வாரம் காலைத் தூக்கிடணும். அதாவது முதல் வாரம் கிளட்ச்சை நாமே மிதிக்க வேண்டும். இரண்டாவது வாரம் அவர் தடுமாறினால் மட்டும். மூன்றாவது வாரம் அவர் வண்டியை மரத்தில் ஏற்றினாலொழிய மிதிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தால்தான் அந்த ஸ்கூலில் படித்த ஒருவர்கூட லைசென்ஸ் டெஸ்ட்டில் தோற்றதில்லை. சின்ன மாஸ்டரும் மூன்று வருடமாக அதை மீறியதில்லை. மீறத் தோன்றும்படி யாரும் வந்ததும் இல்லை. பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், புருஷனிடம் கற்றுக்கொள்ளப் போய்ப் பேச்சுவார்த்தை நின்றுபோன மனைவிமார்களும்தான்.

இந்தத் தொழிலுக்கென்று ஒரு வியாதி உண்டு. காலையில் முதல் வகுப்பு முடிவதற்குள்ளேயே இடது கால் முட்டிக்குக் கீழே மரத்துப்போகும். வலிக்காது, இருக்கிறதா என்றே தெரியாது. ஆனால் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கீழே இறங்கி நிற்கும்போதுதான் அதை ஒருமுறை தட்டிப் பார்த்துத் தன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொள்வாள்.

ஊர் சின்ன ஊர். நடுவில் ஏரி, ஏரியில் மிதிபடகு, ஏரியைச் சுற்றி ஒரு ரோடு, ரோட்டைச் சுற்றி லாட்ஜுகள். பள்ளிக்கூடங்கள் மூடும் இரண்டு மாதம் வெளியூர்க்காரர்கள் வந்து நிறைவார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஊருக்கு இரண்டு மூன்று காதல்கள் நடப்பது வழக்கம். இது சுற்றுலாத் துறையின் அறிவிப்புப் பலகையில் இல்லையே தவிர, படகுத்துறை போலவே அதுவும் ஊரின் ஒரு வசதி. பள்ளிக்கூடம் திறந்ததும் காதலும் மூடிவிடும். இதில் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

அந்த வருடம் விடுமுறைக்கு வந்தவர்களில் ஒருவன், எதிர் வரிசையில் குடியிருந்த பாங்க் அத்தையின் அண்ணன் மகன். பாங்க் அத்தை பாங்கில் கேஷியர், தெருவுக்கே அத்தை. வந்தவனுக்கு இருபத்திரண்டு வயது. படித்து முடித்தவனை ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்க்கிற வேலை. கம்பெனியே கார் கொடுக்கும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரும்போது லைசென்ஸோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று எழுத்தில் சொல்லியிருந்தார்கள். அவனுக்கோ சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஏரிக்கரையில் விடுமுறையும் ஆச்சு, லைசென்ஸும் ஆச்சு என்று அத்தை அவனைக் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவின் நோட்டில் சேர்த்துவிட்டாள். தெரு அவனை 'விருந்தாளி' என்றது.

வகுப்பு காலை ஆறரைக்கு. முதல் நாள் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியைப் பார்த்தால், விட்டால் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான் போலிருந்தது. அவள் கைமேல் கை வைத்துத் தளர்த்தினாள். இது பாடத்தில் உள்ளது. ஓய்வு பெற்ற தாசில்தார் கையையும் அவள் இப்படித்தான் தளர்த்தியிருந்தாள். ஆனால் தாசில்தார் அதற்கு நன்றி சொன்னதில்லை; விருந்தாளி சொன்னான். அவன் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிற ஆள். எதிரே ஒதுங்கிய ஆட்டுக்குக்கூடச் சொன்னான்.

ஐந்தாம் நாள் அவன் வேலைக்குப் போகப்போகிற ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னான். எட்டாம் நாள் அவள் இதுவரை ஏரி ரோட்டைத் தாண்டி ஓட்டியதில்லை என்று அவனிடம் சொன்னாள். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. பதினோராம் நாள் மழை. வண்டியைப் படகுத்துறையில் நிறுத்திவிட்டு இருவரும் டீ குடித்தார்கள், அவன் தன் டீயை முடித்துவிட்டு மறதியில் அவளுடையதையும் குடித்தான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு இல்லாத நேரத்தில், மிதிபடகில் போனார்கள். ஏரியில் எதிரே வந்த ஒவ்வொரு படகுக்கும் அவள் மிதிப்பதை நிறுத்தி வழிவிட்டதால் அரை மணி நேரத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்த தூரம் சொல்லும்படியாக இல்லை. காதல் என்று ஊர் பதிவுசெய்துகொண்டது இவ்வளவுதான். அந்தப் பதினான்கு நாளில் 'நீங்க' ஒரு படிகூடக் கீழே இறங்கவில்லை.

சின்ன மாஸ்டருக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரிந்தது, அதுவும் அம்மா சொல்லி. விருந்தாளிக்கு நல்ல சட்டைகள் இருக்கின்றன என்று ஆரம்பித்த அம்மா, நேராகக் கேட்டாள்.

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்காடி?"

"கியரைக் குனிஞ்சு பார்க்காம மாத்துறாரும்மா."

அம்மா இதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். மகள் அன்று மத்தியானம் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள். வண்டி சத்தம் போட்டால் பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது போலத்தான். பசி எடுத்தது, தூக்கம் வந்தது, எதுவும் கழன்று தொங்கவில்லை. உள்ளே ஏதாவது இருந்தால் தெரியாமலா போகும் என்று மூடிவிட்டாள்.

மூன்றாவது வாரம் விருந்தாளி அற்புதமாக ஓட்டினான். எறும்பைத் தாண்டுவது போலக் கியர் மாற்றினான். வண்டி ஒருமுறைகூட உதறவில்லை, நிற்கவில்லை. தண்ணீர்த்தொட்டி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னால், ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கேதான் இன்னொருமுறை ஓய்வு கிடைக்கும். இவன் பூவை எடுப்பது போல எடுத்தான். ரொம்ப நல்ல கார் இது, தானாகவே போகிறது என்று அவன் சொன்னபோது, காருக்குக் கிடைத்த பாராட்டாகவே அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் நாள் டெஸ்ட். டெஸ்ட்டில் பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். சொல்லிக்கொடுத்தவர் பின் சீட்டில், வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது விதி. இன்ஸ்பெக்டர் உலகத்தில் யாரும் ஒழுங்காக ஓட்டுவதில்லை என்கிற முடிவுக்கு என்றோ வந்துவிட்டவர். ஆதாரம் சேர்ப்பதற்காக மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

வண்டி கிளம்பும்போதே குதித்து நின்றது. விருந்தாளி சிரித்துவிட்டு மறுபடி எடுத்தான். மறுபடியும் குதித்து நின்றது. மூன்றாம் முறை எப்படியோ நகர்ந்து, தெருமுனையில் இரண்டாவது கியருக்கு மாற்றும்போது உள்ளே இரும்பு இரும்பைக் கடித்தது. தண்ணீர்த்தொட்டி ஏற்றத்தில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்து, இன்ஸ்பெக்டரே பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

பின் சீட்டில் சின்ன மாஸ்டர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளட்ச் தேவைப்பட்ட ஒவ்வொரு இடத்திலும், மிகச் சரியான நொடியில், அவளுடைய இடது கால் கீழே விரித்திருந்த மிதியடியை அழுத்தியது. மெதுவாக விட்டது. மறுபடி அழுத்தியது. அவள் சொல்லி அது செய்யவில்லை. மிதியடி ஓர் இடத்தில் சுருங்கிக் கிடந்தது. முன் சீட்டில் அவன் தவித்துக்கொண்டிருக்க, பின்னால் அந்தக் கால் ரொம்ப அழகாக ஓட்டிக்கொண்டிருந்தது.

"யாரும்மா இவருக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர் திரும்பாமல்.

"நான்தான் சார்."

"சரி. எதைச் சொல்லிக்கொடுத்தே?"

அவள் குனிந்து, சுருங்கிய மிதியடியை நேராக்கினாள். ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் கழித்து என்பது மாதத்தின் கடைசி நாள். மறுநாள் ஒன்றாம் தேதி. இன்னொருமுறை தோற்றால் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. விருந்தாளிதான் அவளைத் தேற்றினான். இன்னும் ஒரு வாரம் இங்கே இருக்கலாமே, அதுவும் நல்லதுதானே என்றான். சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்தான்.

அப்பா ஆபீஸில் காத்திருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"மூணாவது வாரம்?" என்று கேட்டார்.

"தூக்கலைப்பா."

அவர் பொம்மைக் காரை எடுத்துப் பலகையின் நாற்சந்தியில் வைத்து, எந்தப் பக்கமும் ஓட்டாமல் மறுபடி மேஜையில் வைத்தார். பக்கத்து சீட்டுப் பெடலைக் கழற்றி வைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஏன் தூக்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாக அம்மா பக்கத்தில் நின்று மகளின் முகத்தை ஒரு பில்லைச் சரிபார்ப்பது போல மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

சாயங்காலம் பாங்க் அத்தை வந்தாள். ஆறுதல் சொல்ல வந்தவள் ஒரு செய்தியும் வைத்திருந்தாள். படகு ஆபீஸில் டிக்கெட் கொடுக்க ஒரு ஆள் தேவை, மேனேஜர் அவளுக்கு வேண்டியவர், ஏற்கெனவே ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறாள். பையன் மறுபடியும் தோற்றால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. மருந்துக் கம்பெனி போனால் போகட்டும், தன் வீட்டிலேயே இருந்துகொள்வான். இதைச் சொல்லும்போது அத்தை யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை, அதாவது சின்ன மாஸ்டரைத்தான் பார்த்தாள்.

ஆக, விஷயம் இவ்வளவு எளிதாக இருந்தது. அவள் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், அழ வேண்டாம், கடிதம் எழுத வேண்டாம். கால் இருக்கிற இடத்தில் இன்னும் ஏழு நாள் இருந்தால் போதும். அவன் இந்த ஊரிலேயே டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பான். பெரிய காவியங்களில் காதலுக்காக மலையைப் புரட்டுகிறார்கள். இவளுக்கு ஒரு பெடலைக்கூடப் புதிதாக மிதிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் அதைப் பற்றி யோசித்தாளா என்றால், தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு விருந்தாளி உற்சாகமாக வந்து உட்கார்ந்தான். படகுத்துறை வரை அவளே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, இடம் மாறி உட்கார்ந்தாள்.

"கிளட்ச்சை நீங்க அழுத்தலை. நான்தான் அழுத்தினேன்."

"எப்போ?"

"எல்லா நாளும்."

அவன் சிரித்தான். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, தன் இரண்டு ஷூக்களையும், ஏமாற்றிய சொந்தக்காரர்களைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"வேணும்னேவா?"

"தெரியலை."

"தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

"கால் மரத்துப்போயிருந்துச்சு. அது அழுத்துறது எனக்குத் தெரியலை."

"மத்தவங்களுக்கும் இப்படித்தானா?"

"இல்லை."

அந்த ஊரில் எத்தனையோ விடுமுறைக் காதல்கள் நடந்திருக்கின்றன. அவற்றில் சொல்லப்பட்ட காதல் வார்த்தைகளிலேயே இதுதான் மிகச் சிறியது. ஆனால் கேட்டவன் அப்போது வேறு கணக்கில் இருந்தான். மூன்று வாரமாகத் தான் ஒரு நல்ல டிரைவர் என்று நம்பி, வீட்டுக்கும் நண்பர்களுக்கும் ஃபோனில் சொல்லியிருந்தான். இருபத்திரண்டு வயது ஆண்மகனிடமிருந்து காதலைப் பறித்தால்கூடப் பொறுத்துக்கொள்வான். கியரைப் பறித்தால் மாட்டான். அவன் முகம் கதவு மாதிரி சாத்திக்கொண்டது. சாவியைத் திருப்பினான். வண்டி குதித்து நின்றது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் நாள் முப்பத்தோரு முறை வண்டி நின்றது. ஏரி ரோட்டில் அவர்களுக்குப் பின்னால் பஸ், வேன், சைக்கிள் என்று ஊர்வலம் சேர்ந்தது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, பக்கத்தில் ஒரு பெண் காரில் தவம் செய்வதைக் கண்டு, திட்ட வந்ததை மறந்துவிட்டுப் போனார். அவள் சொல்வதற்கெல்லாம் விருந்தாளி "சரி" என்று மட்டும் சொன்னான். நன்றி நின்றுபோயிருந்தது. கோபத்தைப் போல நல்ல வாத்தியார் இல்லை. இரண்டாம் நாள் பதினெட்டாகவும், மூன்றாம் நாள் ஏழாகவும் குறைந்தது.

ஐந்தாம் நாள் தண்ணீர்த்தொட்டி ஏற்றம். பாதியில் நிறுத்தி எடுக்கச் சொன்னாள். எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ரொட்டி வேன் நின்றிருந்தது. அவளுடைய இடது கால் சம்மணத்திலிருந்து தானாக அவிழ்ந்து கீழே இறங்கியது. பாதி வழியில் அவள் இரண்டு கையாலும் தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். வேன்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. நிறுத்தியது அவன். பிறகு ஒரு மூச்சு விட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, மேலே ஏற்றினான். இந்த முறை பூ எடுக்கிற மாதிரி இல்லை. மூட்டை தூக்குகிற மாதிரி இருந்தது, ஆனால் அவனே தூக்கினான்.

மேலே போனதும் திரும்பிப் பார்த்தான். அவள் இன்னும் கணுக்காலை விடவில்லை.

"பிடிச்சுக்கிட்டே இருங்க," என்றான்.

அந்த ஐந்து நாளில் அவன் 'சரி'யைத் தவிரப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அது கோபமா, கேலியா, வேறு ஏதாவதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்குள் எதுவும் அசையவில்லை. பஞ்சை அடைத்து வைத்தது போல இருந்தது, அவ்வளவுதான். விரல்தடம் மட்டும் மத்தியானம் வரை கணுக்காலில் சிவப்பாக இருந்தது.

மாதத்தின் கடைசி நாள் இன்ஸ்பெக்டர் அவனை மூன்று தெருக்களும் ஓர் ஏற்றமும் ஓட்டச் சொன்னார். குறை சொல்ல எதுவும் கிடைக்காததால் அவருடைய அன்றைய பொழுது கெட்டுப்போனது. பின் சீட்டிலும் அவள் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மத்தியானமே பஸ். பாங்க் அத்தை லீவு போட்டுவிட்டு வழியனுப்ப வந்தாள். அம்மா ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தனுப்பியிருந்தாள், அதைக் கொடுக்க வந்த சாக்கில் சின்ன மாஸ்டரும் நின்றாள். அத்தைக்குத் திடீரென்று பஸ்ஸின் அந்தப் பக்கம் போய் டயர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. கோபம் எல்லாம் ஆறிப்போய், விருந்தாளி பழையபடி நன்றி சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். பஸ் என்ஜின் ஓட ஆரம்பித்தது.

"ஃபோன் பண்ணட்டுமா?" என்றான்.

"வண்டி ஓட்டும்போது பண்ணாதீங்க."

"நிறுத்திட்டுப் பண்றேன்."

சொன்னபடியே பண்ணினான். தினமும் சாயங்காலம், கடைசி வகுப்பு முடிகிற நேரத்துக்கு, ஏதாவது ஒரு ஊரின் ஓரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டுக் கூப்பிடுவான். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருப்பது ஃபோனில் கேட்கும். புளிய மரத்தடியில் நிற்கிறேன், பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நிற்கிறேன், இங்கே ஒரு ஏற்றம் இருக்கிறது, தண்ணீர்த்தொட்டியெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை என்பான். அவள் கேட்டுக்கொள்வாள். எந்தக் கியரில் ஏறினீர்கள் என்பாள். பிடித்திருக்கிறது, வரட்டுமா, வா என்றெல்லாம் எந்தப் பேச்சும் நடக்கவில்லை. அந்த டிக் டிக் சத்தம் ஓடிக்கொண்டிருந்தவரை அதெல்லாம் நடந்துகொண்டிருப்பதாகத்தான் இருவரும் வைத்துக்கொண்டார்கள். அவள் அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்பதற்காக ஆபீஸ் மின்விசிறியை நிறுத்திவிடுவது அம்மாவின் கவனத்துக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து வாரத்துக்கு மூன்று ஃபோன். அப்புறம் இரண்டு. வேலை அதிகம் என்றான், இருக்கும்.

நாலாவது மாதம் ஒருநாள் அம்மா வருகைப்பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது. மகள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். அவன் ஒரு டாக்டரைப் பற்றி வேடிக்கையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் டிக் டிக்கைத் தேடினாள். என்ஜின் சத்தம் கேட்டது, காற்று கேட்டது, ஏதோ லாரி கடந்துபோவது கேட்டது.

"வண்டி ஓடிக்கிட்டு இருக்கா?"

"ஆமா, பரவால்ல. பேசிக்கிட்டே போறேன்."

"நிறுத்திட்டுப் பேசுங்க."

"இப்பல்லாம் ஒரு கையிலயே ஓட்டுறேன் மாஸ்டர். நீங்க பார்க்கணும், ரொம்ப நல்லா ஓட்டுறேன்."

கியர் மாறுகிற சத்தம் கேட்டது. எந்த உதறலும் இல்லாமல், சுத்தமாக, மூன்றிலிருந்து நாலு.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வைங்க," என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

அம்மா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் யார் என்று கேட்டாள். பழைய ஸ்டூடண்ட் என்றாள் அவள். அம்மா அந்த வரியை எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"என்னவாம்?"

"நல்லா ஓட்டுறாராம்."